கண்ணாடி இல்லாத இடத்தில் மழைத்துளி

என் நாத்தனார் என்ன வேலை செய்கிறாள் என்று என் மாமியாருக்கு விளக்கும் பொறுப்பு எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. பெற்ற மகள் சொன்னால் புரியவில்லையாம், மருமகள் சொன்னால் கொஞ்சம் புரிகிறதாம்.

"நீ சினிமா கம்பெனில இருந்தவதானம்மா, நீயே சொல்லு. அக்கம்பக்கத்துல கேக்குறாங்க. இன்னா வேலைன்னு சொல்றது நானு?"

நானும் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் மழை பெய்தால் திரையின் மேல் நீர்த்துளி விழுந்து வழியும். சூரியன் இருக்கும் பக்கம் திரும்பினால் ஒளி வட்டம் வட்டமாகச் சிதறும். வேகமாக ஓடினால் ஓரங்கள் கலங்கும். கேமராவில் படம் பிடித்தால் வருமே, அந்த மாதிரி. அதையெல்லாம் இவள்தான் போடுகிறாள்.

"அந்த ஆட்டத்த கேமராவுலயா புடிக்கிறாங்க?"

"இல்ல அத்தே. கேமராவே கெடயாது. எல்லாம் கம்ப்யூட்டர்லயே செய்யறது."

"அப்ப துளி எதும்மேல வந்து உழுது?"

எனக்குள் இருந்த எரிச்சலும் அதேதான் என்பதால், அந்தக் கேள்வி ஒருவிதத்தில் இனிப்பாக இருந்தது. பாருங்கள், அவளைப் பெற்றவருக்கே அந்த வேலையில் அர்த்தம் தெரியவில்லை என்று நினைத்தேன். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தன.

மகள் பிறப்பதற்கு முன் நான் பெங்களூரில் சினிமாப் படங்களின் காட்சிகளைச் சீர்செய்யும் ஓர் இடத்தில் வேலை செய்தேன். என் பிரிவுக்கு கிளீன்-அப் என்று பெயர். படம் பிடிக்கும்போது கேமரா விட்டுச்செல்லும் தடயங்களை அழிப்பது எங்கள் வேலை. கதாநாயகி அழும் காட்சியில் லென்ஸின் மேல் ஒரு மழைத்துளி விழுந்திருக்கும், அதை எடுக்க வேண்டும். கார்க் கண்ணாடியில் கேமராமேன் பனியனோடு தெரிவார், அவரை எடுக்க வேண்டும். ஒருமுறை லென்ஸில் ஒட்டிய தூசி ஒன்று ஒரு நடிகையின் கன்னத்தில் சரியாக மச்சம்போல் உட்கார்ந்துவிட்டது. படக்குழுவில் பாதிப் பேர் அது மச்சம் என்றே நம்பியிருந்தார்கள். நான் அழித்துக் கொடுத்த பிறகு, "முன்னாடிதான் அழகா இருந்திச்சி" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாத வேலை அது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பிள்ளை பிறந்தது, எங்கள் தங்கச் சுரங்க ஊரிலிருந்து தினமும் ரயிலில் போய்வர முடியவில்லை, விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் இப்போது கோபப்படவாவது ஆள் இருந்திருக்கும்.

நான் விட்ட பிறகு என் கணவரின் தங்கை படிப்பை முடித்து, பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் சேர்ந்தாள். நான் துடைத்தெடுத்த அதே துளி, அதே தூசி, அதே ஒளிவட்டம். அவற்றை அவள் பூசுகிறாள். அதுவும் கண்ணாடியே இல்லாத இடத்தில். வாரத்தில் சில நாள் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் போவாள். மற்ற நாட்களில் எங்கள் வீட்டு முன் அறையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த நாட்கள்தான் எனக்குக் கஷ்டமானவை. அறையைக் கூட்டப் போனால், "அண்ணி, ஒரு நிமிஷம், மீட்டிங்" என்று கையைக் காட்டுவாள். நான் துடைப்பத்தோடு வெளியே நிற்பேன். எல்.கே.ஜி. படிக்கும் என் மகள் மட்டும் அவள் மடியில் உட்கார்ந்திருப்பாள். அவளை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

ஒருநாள் மதியம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது என் மனதில் இருந்ததை அவளிடம் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, சினிமாக்காரங்க எத்தன வருஷமா இந்தத் துளியும் வட்டமும் வராம படம் எடுக்கணும்னு கஷ்டப்பட்டாங்க. உங்க ஆட்டத்துல லென்ஸே இல்ல. அதுவும் ஆடுறவன் கண்ணு வழியா பாக்கற ஆட்டம்னு சொல்ற. கண்ணுல எங்கயாவது லென்ஸ்ல வர்ற மாதிரி ஆறு மூல வெளிச்சம் தெரியுமா? எனக்கென்னமோ உங்க கேம், சினிமாவப் பாத்து வயிறெரியுதுன்னு தோணுது. அதோட தப்பக்கூட எடுத்து மாட்டிக்குது."

அவள் சிரித்தாள். "செமயா சொன்னீங்க அண்ணி. வயிறெரியுது! அத எங்க டீம்ல சொல்றேன்." பிறகு ஒரு பல் பூண்டை எடுத்து உரித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா யோசிங்க. கடல நீங்க மொதல்ல எங்க பாத்தீங்க? டிவிலதான். யானைக் கூட்டம், எரிமல, யுத்தம் எல்லாம் கண்ணாடி வழியாத்தான நமக்கு வந்துச்சி. அதுல அழுக்கு ஒட்டி இருந்தா, யாரோ ஒருத்தரு அங்க நின்னு எடுத்தாங்கன்னு மனசு நம்புது. சும்மா சுத்தமா இருந்தா வரஞ்ச மாதிரி இருக்கும். அழுக்கு இருந்தாத்தான் அண்ணி நெஜம்."

நல்ல பதில். அதுதான் தொல்லை. அவள் ஏதாவது அசட்டுத்தனமாகச் சொல்லியிருந்தால் அன்றைய குழம்பு இன்னும் நன்றாக வந்திருக்கும்.

மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் அவளுக்குச் சூரியகாந்திப் பூ வேஷம். மஞ்சள் காகித இதழ்களை வெட்டி ஒட்டி நான்தான் செய்தேன். மேடையில் அவளை விடாமல் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படத்திலும் முகம் இல்லை. மேடை விளக்குகள் எல்லாம் நீள நீளமாகக் கோடு இழுத்து, நடுவில் மஞ்சளாக ஏதோ அசைகிறது. போனைத் திருப்பிப் பார்த்தேன். கேமராவின் மேல் தேங்காய் எண்ணெய்.

"யாரு பூசுனது?"

"நான்தான்," என்றாள் மகள், பரிசு வாங்குகிறவள் மாதிரி. "அத்த பண்ற மாதிரி. அழுக்கு இருந்தாத்தாம்மா நெஜம்."

கத்திவிட்டேன். அவள் அழுதாள். சூரியகாந்தி இதழ்கள் வேறு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. நாத்தனார் போனை வாங்கிப் பார்த்து, "அய்யோ, சக்கத்தா இருக்கு, சூப்பர்! இந்தக் கோடு வர வைக்க நாங்க எவ்ளோ பாடுபடறோம்," என்றாள். மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவளிடம் ஓடினாள். கத்தியது எண்ணெய்க்காகவா, அந்த 'அத்த பண்ற மாதிரி'க்காகவா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அந்தப் படங்களை நான் அழிக்கவில்லை. அழிப்பது என் தொழிலாக இருந்தும்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அவள் சொன்னாள், அவர்கள் குழுவுக்கு இன்னும் ஒரு ஆள் எடுக்கிறார்கள், வீட்டிலிருந்தே செய்யலாம், என் பெயரைக் கொடுத்துவிட்டாள் என்று.

"என்ன ஒரு வார்த்த கேக்கலியே."

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க அண்ணி. அதான்."

உண்மை. நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், பிறகு பாத்திரம் தேய்க்கும்போது அழுதிருப்பேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை வெளியில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். ஆனால் அவளுக்குக் கீழே. அவள் சொல்லி, நான் பூச. கணவரிடம் கேட்டேன். அவர் ஷிப்டு முடிந்து வந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். "உனுக்கு புடிச்சா செய்யி," என்றார். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்தால் இவரிடம் ஏன் கேட்கப் போகிறேன்?

ஒரு பரீட்சை வேலை கொடுப்பார்களாம். அதைப் பார்த்துவிட்டு அவர்களுடைய டீம் லீடர் முடிவு செய்வார். என்ன செய்ய வேண்டும் என்பதை நாத்தனார் ரயிலில் போகும்போது போனில் சொன்னாள். பின்னால் யாரோ வேர்க்கடலை விற்றுக்கொண்டு போனார்கள்.

"ஃபர்ஸ்ட் லெவல்தான் அண்ணி. கோல்டு மைன். ஷாஃப்ட்டுல கேஜ் எறங்குது, ஆடுறவன் கேஜ் உள்ள நிக்கிறான். வெறும் சாம்பல் கலர் பொட்டிங்களா வெச்சி ஒரு ஃபைல் அனுப்புறேன். நீங்க வெளிச்சம் போட்டு, கேமரா எஃபெக்ட் போட்டு..." அதோடு சிக்னல் போய்விட்டது.

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேன். தவிர, எனக்கா சொல்ல வேண்டும்? என் அப்பா பூமிக்கடியில் வேலை செய்தவர். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி, ஷாஃப்ட் என்ற அந்தக் கிணற்றில் இறங்கிப் போனவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். லெவல் என்ற சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் மூடவில்லை. லெவல் என்றால் பூமிக்குள் இருக்கும் தளம். எண் கூடக்கூட ஆழம். ஒன்றாம் லெவல் மேலேயே இருப்பது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் ஷாஃப்ட்டின் வாயில் வெளிச்சம் இன்னும் தெரியும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

ஆகவே வெளிச்சத்தை மேலிருந்து இறக்கினேன். மகள் பள்ளியில் இருக்கும் நேரம்தான் எனக்கு. ஒரு பக்கம் குக்கர் விசில், ஒரு பக்கம் அந்த வெளிச்சம். கேஜின் கம்பிகளுக்கு நடுவே அது சாய்ந்து விழுந்து, பாறைச்சுவரில் ஏறி, கூண்டு இறங்க இறங்கச் சுருங்கியது. பிறகு கேமரா வேலைகள். ஒளிவட்டத்தைப் போட்டேன். அதிகமோ என்று குறைத்தேன். குறைத்தது கஞ்சத்தனமாகத் தெரிந்தது, மறுபடி ஏற்றினேன். லென்ஸில் ஒரு துளி வைத்தேன். என் கை தன்னாலேயே அதை அழித்துவிட்டது. மறுபடி வைத்தேன்.

நாத்தனார் எட்டிப் பார்த்து, முழுதாகப் பார்க்காமல், "அண்ணி, அழுக்கு பத்தல. இன்னும் நெறயா அழுக்கு போடுங்க," என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனாள்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல். "இன்னாத்துக்குடி அழுக்கு போடச் சொல்ற? காலைல இருந்து அவ தொடச்சி தொடச்சி இடுப்பு உட்டுப் போயி கீறா!"

எனக்கு ஆதரவாக அந்த வீட்டில் கேட்ட குரல் அன்று அது ஒன்றுதான். தவறான காரணத்துக்காக என்றாலும் நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாத்தனார் ஒரு வயரை மாட்டி, நான் செய்ததை டிவியில் போட்டாள். மாமியாரும் மகளும் தரையில் உட்கார்ந்தார்கள். கணவர் நின்றுகொண்டே பார்த்தார். கேஜ் இறங்கியது. மேலிருந்து என் வெளிச்சம் விழுந்தது.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "சூரியன் எங்கேர்ந்து வந்துச்சி?"

"மேல இருந்துதான்."

"பாதாளத்துல அண்ணி! ரொம்ப ஆழம். ஒரே கும்மிருட்டு."

"நீதானம்மா ஃபர்ஸ்ட் லெவல்னு சொன்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ மெல்ல விடிந்தது. "அய்யோ அண்ணி! லெவல்னா ஆட்டத்தோட லெவல்! மொத கட்டம்! நீங்க... நீங்க நம்ம ஊரு லெவல நெனச்சிட்டீங்களா?"

சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார், "ஒண்ணாம் லெவல்ல வெளிச்சம் இருக்கும்தான், அதுல இன்னா தப்பு?" என்று கேட்க, அது சிரிப்பை இன்னும் கூட்டியது. கணவரும் சிரித்தார். மகள் எதற்கென்று தெரியாமல் குதித்துக் குதித்துச் சிரித்தாள். எனக்கும் கேம்களில் லெவல் இருப்பது தெரியாமல் இல்லை. பெங்களூரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் ஷாஃப்ட், கேஜ் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் அது வந்தபோது எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. இதைச் சொல்லி விளக்க வாயெடுத்து, விட்டுவிட்டேன். விளக்கினால் இன்னொரு சிரிப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் கம்ப்யூட்டர் பக்கம் வந்தாள். "பரவால்ல அண்ணி, நகருங்க. அஞ்சி நிமிஷத்துல நானே சரி பண்ணிடறேன்."

"கைய எடு," என்றேன்.

அவள் கையை எடுத்தாள். அந்தக் குரல் எனக்கே புதிது. மகளிடம் கத்தியபோதுகூட அப்படிப் பேசியதில்லை. அவள் என் மகளைத் தூக்கிக்கொண்டு, "வாடி, கடைக்குப் போலாம். அம்மா வேல செய்யட்டும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். என் கோபத்துக்குக்கூட அவள் இடம் கொடுத்துவிட்டாள். அது வேறு என்னை அறுத்தது.

சூரியனை அணைத்தேன். அணைத்ததும் தெரிந்தது, நான் போட்டிருந்த எல்லாம் அந்த வெளிச்சத்தை நம்பி நின்றவை. வெளிச்சம் போன பிறகு ஒளிவட்டங்கள் காரணமில்லாமல் அந்தரத்தில் தொங்கின. படத்துக்குப் பழைய சினிமாக் களை வரட்டும் என்று தூவியிருந்த புள்ளிகள் இருட்டில் எறும்பு மொய்ப்பதுபோல் இருந்தன. லென்ஸின் துளி எதன்மேலோ ஒட்டிய பசைபோல் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க எடுக்கக் கை பழைய வேகத்துக்கு வந்தது. கடைசியில் ஆடுகிறவனின் தலைவிளக்கு மட்டும் மிச்சம். அது ஈரப்பாறையில் பட்டு, கம்பி நிழல்களை மேலே ஓடவிட்டது. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். கேமரா எஃபெக்ட் போடச் சொன்ன பரீட்சையில் கேமராவின் சுவடே இல்லாமல் ஒரு விடைத்தாள். ஏதாவது சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மகளின் குரல் கேட்டது. அனுப்பிவிட்டேன்.

பதில் வர வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் நாத்தனார் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறாள் என்று ஒருநாள் நினைத்தேன். ஒன்றும் தெரியாமல் அவளும் தவிக்கிறாள் என்று மறுநாள் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வந்தவள் பையைக்கூட வைக்காமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள். "அண்ணி, அந்த வேல கெடைக்கல. வேற ஒருத்தர எடுத்துட்டாங்க."

"சரி," என்றேன். தோசையைத் திருப்பினேன். அது ஏற்கெனவே கருகியிருந்தது.

"முழுசா கேளுங்களேன். சினிமா மாதிரி இல்லன்னு சொன்னாங்க. சினிமால இருந்து வந்தவங்க நீங்க, உங்க வேலதான் சினிமா மாதிரி இல்லையாம்! ஆனா லீடரு இன்னொன்னு சொன்னாரு."

பிறகு அவள் சொன்னது இது. கேமரா எஃபெக்ட்டுகள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தலைவலிக்கும், குமட்டும். அதனால் ஆடுகிறவர்கள் வேண்டாதவற்றை அணைத்துக்கொள்ள ஆட்டத்துக்குள்ளேயே வசதி வைத்திருக்கிறார்கள். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் அப்படிச் செய்ய முடியாது. டைரக்டர் கொடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். இங்கே ஆளாளுக்கு ஒரு சுவிட்ச். ஆனால் எல்லாவற்றையும் அணைத்தால் பல காட்சிகள் பூச்சு உதிர்ந்த சுவர் மாதிரி நிற்கின்றன. அணைத்த நிலையிலும் படம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, சரியில்லாததைத் திருத்த, ஓர் ஆள் வேண்டும். அரைநாள் வேலை, வீட்டிலிருந்தே. இருட்டில் ஒன்றுமே போடாமல் காட்சியை நிற்கவைத்த அந்தப் பெண் செய்வாரா என்று கேட்கிறார்கள்.

"அதாவது, நான் போடறத எல்லாம் அணைக்கிறதுக்கு உங்களக் கூப்புடறாங்க அண்ணி," என்றாள். "ஊட்லயே எதிரி!"

இருவரும் சிரித்தோம். நான் அவளைவிடச் சற்று அதிகம் சிரித்துவிட்டேன். அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. எனக்கு வேலை கிடைத்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். அதுவும்தான். ஆனால் அவள் பூசியதை நீக்கிவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமை எனக்கு வந்துவிட்டது என்பதுதான் அன்று என் வயிற்றில் கதகதவென்று இருந்தது. இவ்வளவு மினுக்குக்கும் கீழே ஒன்றும் இருக்காது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

முதல் நாள் வந்த காட்சியே அவளுடையது. மழையில் ஒரு கடைத்தெரு. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, அடுப்பை அணைத்துவிட்டு, முகம் கழுவி உட்கார்ந்தேன். திரையில் துளிகள் வழிந்தன. கடை விளக்குகள் கோடு இழுத்தன. ஓரங்களில் நிறம் பிரிந்து லேசாகக் கலங்கியது. அழகாகத்தான் இருந்தது, அது எனக்கு முன்பே தெரியும்.

துளிகளை அணைத்தேன். கோடுகளை அணைத்தேன். கலங்கலை, புள்ளிகளை, ஓரத்து இருட்டை ஒவ்வொன்றாக அணைத்தேன்.

தெரு குலையாமல் நின்றது. ஈரத் தரையில் ஒரு டீக்கடையின் மஞ்சள் வெளிச்சம் கிடந்தது. அதை எங்கே முடிக்க வேண்டுமோ அங்கே முடித்திருந்தாள். மூடிய கடைகளின் இரும்புக் கதவில் மழை பட்ட பளபளப்பு ஒரு கதவுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு மூலையில் வெளிச்சமே வைக்காமல் விட்டிருந்தாள். நானாக இருந்தால் பயந்துபோய் அங்கே ஒன்றை வைத்திருப்பேன். நான் நெருங்கிப் பார்த்தேன், விலகிப் பார்த்தேன், குறை தேடினேன். மறுபடி எல்லாவற்றையும் போட்டு, மறுபடி அணைத்தேன்.

பக்கத்து அறையில் அவள் மீட்டிங்கில் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.

என் கருத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. "அணைத்த நிலையிலும் காட்சி நன்றாக இருக்கிறது. திருத்தம் தேவையில்லை" என்று எழுத வேண்டும். அந்த ஒன்றரை வரியை அடிக்க எனக்குக் காலைப்பொழுது போய்விட்டது. எழுதிய பிறகு, 'நன்றாக' என்பதற்கு முன்னால் 'மிக' என்று போடுவதுதான் நியாயம் என்று பட்டது. சேர்த்தேன். எடுத்தேன். மறுபடி சேர்த்துப் பார்த்தேன். மகளை அழைத்துவரும் நேரம் ஆகிவிட்டது. 'மிக'வை எடுத்துவிட்டு அனுப்பினேன்.